ராடாருக்கு இடம் பாக்கப் போறியா, பேராண்டி?

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. அந்தப் போனை ஓரமா வை. "5,000 கிலோமீட்டர் பாக்குற ராடாராம் தாத்தா, எந்த ஏவுகணையும் தப்ப முடியாதாம்"னு காலையிலேருந்து குதிக்குற. நல்ல காரியம். எந்த ஊர்ல வச்சிருக்காக, எந்தத் திக்கைப் பாத்து வச்சிருக்காக, எதுக்க மலை கிலை உண்டான்னு கேட்டா மட்டும், "அதெல்லாம் வீடியோவுல சொல்லலை"ன்னு தலையைச் சொறியுற. சொல்ல மாட்டான்டா. சொன்னா வியாபாரம் படுத்துரும்.

நான் எட்டாப்போட நின்னவன். ஆனா நம்மூர் நூலகத்துல கரையான் தின்னது போக மிச்சம் இருந்ததைப் பூராம் படிச்சு முடிச்சவன். அந்தத் தைரியத்துல சொல்றேன், கேட்டுக்கோ. நாளைக்கு நீயே ஒரு பெரிய பதவிக்குப் போயி, ராடாருக்கு இடம் பாத்துக் குடுன்னு உன் கையில மேப்பைக் குடுத்தாலும் குடுப்பாக. காலம் அப்படி இருக்கு. அதுக்கு முன்னாடி, பெரிய பெரிய ராசாங்கமெல்லாம் எப்படி இடம் பாத்தாகன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லது. அவுக அளவுக்குக் கோட்டை விட நமக்கு வசதி பத்தாது. ஏதோ முடிஞ்ச வரைக்கும் செய்யலாம்.

மொதல்ல, பூமி உருண்டைங்கிறதை ஒத்துக்கணும். சிரிக்காத. இதை ஏட்டுல ஒத்துக்கிட்டு, இடம் பாக்கும்போது மறந்துபோற ஆளுக நெறைய. ராடார் அலை நேராப் போகும். காத்துல கொஞ்சூண்டு வளையும், அம்புட்டுத்தான். பூமியோ அதுக்குக் கீழ சரிஞ்சு சரிஞ்சு எறங்கிப் போகுது. தரையில இருக்குற ராடாருக்கு, 10 கி.மீ. உயரத்துல பறக்குற விமானம் 400 கி.மீ. சொச்சம் தாண்டுனா பூமிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும். 100 கி.மீ. உயரத்துக்கு ஏறுன ஏவுகணையா இருந்தா 1,100, 1,200 கி.மீ. வரைக்கும் தட்டுப்படும். கண்டம் விட்டுக் கண்டம் பாயுற ஏவுகணை சாதாரணமா ஏறுற உச்சமே 1,200 கி.மீ. பக்கந்தான். அந்த உச்சியில இருக்கும்போதே அது 4,100 கி.மீ.க்கு அங்கிட்டு இருந்தா உனக்குத் தெரியாது. ராடாருக்குள்ள நீ எம்புட்டு கரண்டைத் திணிச்சாலும் தெரியாது. அப்ப அந்த 5,000 கி.மீ. என்னாச்சுன்னு கேக்குற பாரு, அதான் கேள்வி. 5,000 கி.மீ. தள்ளி ஒரு சாமானைப் பாக்கணும்னா அது 1,700 கி.மீ. உயரத்துல மெதக்கணும். செயற்கைக்கோளைப் பாக்கலாம். குண்டு போடுறவன் அம்புட்டு உயரம் ஏறி உனக்குக் கையாட்டிட்டு வரணும்னு சட்டமா இருக்கு?

சோளக்கொல்லைக்குப் பரண் போடுறோம்ல, அதே சங்கதிதான். பன்னி எந்த ஓடை வழியா வருமோ அந்த ஓரத்துல, கொல்லைக்கு முதுகைக் காட்டி, வெளியப் பாத்துப் போடணும். வீட்டுலேருந்து கஞ்சி கொண்டாந்து குடுக்கத் தோதா இருக்கேன்னு கொல்லை நடுவுல போட்டேன்னு வையி, பாதி வெள்ளாமை போனதுக்கப்புறம்தான் பன்னி வந்த தாக்கலே உனக்கு வரும். ஏவுகணை நொடிக்கு 7 கி.மீ. ஓடுது. நிமிஷத்துக்கு 400 கி.மீ.க்கு மேல. பரணை 400 கி.மீ. முன்னால தள்ளிப் போட்டா ஒரு நிமிஷம் மிச்சம். மொத்தப் பயணமே அரை மணி நேரந்தான்கிறப்ப, அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் உலகம் பூராம் மலை, பனி, பாலைவனம்னு அலையுறாக.

இதை மொதல்ல புரிஞ்சுக்கிட்டவுக அமெரிக்காக்காரவுக. 1955லயே துருக்கியில தியார்பக்கிர் பக்கத்துல ஒரு ராடாரை வச்சாக. சோவியத்துக்காரவுக கபூஸ்தின் யார்ங்கிற எடத்துல ஏவுகணை விட்டுப் பழகிக்கிட்டு இருந்தாக. துருக்கியிலேருந்து அது 1,200 கி.மீ. சொச்சம். விட்ட ஏவுகணை ஏற ஏற இங்க புள்ளி தெரியும். சொந்த ஊர்ல அதைவிடப் பெரிய ராடார் வச்சிருந்தாலும் தெரிஞ்சிருக்காது. இது நல்ல உதாரணம். நல்ல உதாரணத்தை ரொம்ப நேரம் பேசுனா உனக்குத் தூக்கம் வந்துரும், அடுத்ததுக்குப் போவோம்.

அதே அமெரிக்காக்காரவுக பின்னால ஒரு காரியம் பண்ணுனாக பாரு. எண்ணெய்க் கிணறு தோண்டுற மெதவை மேடை ஒண்ணை வாங்கி, அதுமேல வெள்ளைவெளேர்னு ஒரு பெரிய உருண்டைக் கூட்டைக் கவுத்து, உள்ள ராடாரை வச்சுக் கடல்ல விட்டாக. எஸ்.பி.எக்ஸ்.னு பேரு. 220 கோடி டாலர் செலவுன்னு பத்திரிகையில எழுதுனாக. அலாஸ்காவுல அடாக் தீவுதான் அதுக்கு வீடுன்னு சொன்னாக. கடைசியில ஹவாய்த் துறைமுகத்துல அது கெடந்த காலந்தான் சாஸ்தி. இதைப் பத்தி அவுக அடிச்ச பெருமை என்னன்னா, கிழக்குக் கரையில செசபீக் வளைகுடாவுல நிறுத்துனா மேற்குக் கரையில சான் பிரான்சிஸ்கோவுல இருக்குற ஒரு பேஸ்பால் பந்தைக் கூடப் பாத்துரும்னு. நாடாளுமன்றத்துலயே சொன்னாக. கேட்டவுகளும் தலையாட்டிட்டாக. அப்புறம் 2015ல லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை கணக்குப் போட்டு எழுதுச்சு: பாக்கலாம், ஆனா அந்தப் பந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மேல 1,400 கி.மீ. உயரத்துல இருக்கணும். பந்தடிக்குற பய அம்புட்டு உயரத்துக்கு அடிச்சான்னா, அவனை ராடார் வச்சுத் தேட வேண்டியதில்லைடா, ஊரே தூக்கிக்கிட்டு வரும்.

சரி, எந்தத் திக்கைப் பாத்து வைக்கணும்? உங்க வாத்தியார் சுவத்துல மாட்டுன மேப்பைப் பாத்தா, மாஸ்கோவுலேருந்து வாஷிங்டனுக்கு மேக்காமப் போகணும்னு தோணும். உருண்டையை எடுத்து நூலைப் பிடிச்சுப் பாரு. குறுக்கு வழி வடதுருவத்துப் பக்கமாப் போகும். அதான் 1960ல கிரீன்லாந்துல தூலேங்கிற பனிக்காட்டுல மொத ராடார், அடுத்த வருசம் அலாஸ்காவுல கிளியர்ல ஒண்ணு, 1963ல இங்கிலாந்துல யார்க்‌ஷயர் மேட்டுல ஃபைலிங்டேல்ஸ்ல ஒண்ணுன்னு வரிசையா வச்சாக. தூலேயில வச்ச ஆன்டெனா ஒவ்வொண்ணும் 50 மீட்டர் உயரம், 120 மீட்டர் அகலம். அப்படி நாலு. இதுல அமெரிக்காவுக்குக் கெடைச்ச அவகாசம் 15 நிமிஷம். இங்கிலாந்துக்காரவுகளுக்கு நாலே நிமிஷம். ராடார் தங்களோட ஊர்லயே இருந்தும் அவுகளுக்குத்தான் கம்மி. கிட்டக்க இருக்குறவன் பாடு அப்படி.

இடம் பாக்குற சோலியில இன்னொண்ணும் உண்டு. நீ பாக்குற எடத்துல முன்னமே யாராச்சும் குடியிருப்பாக. தூலே பக்கத்துல சீல் வேட்டையாடிப் பொழைச்ச இனுயிட் சனம் இருந்துச்சு. அமெரிக்கத் தளம் வந்து விரிய விரிய, 1953ல அந்தச் சனத்தைக் கிளப்பி வடக்க குவாநாக்குக்கு அனுப்பிட்டாக. உலகத்தைக் காப்பாத்துற கண்ணுக்கு, பக்கத்துல இருந்த குடிசை தெரியாமப் போச்சு. இதுல நையாண்டி பண்ண எனக்கு வாய் வரலை, விடு.

ஆனா தூலே ராடார் நெலாவைப் பாத்து மெரண்ட கதையைச் சொல்லாம விட்டா எனக்குச் சோறு எறங்காது. வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. 1960 அக்டோபர் 5. அடிவானத்தைப் பாத்து நின்ன ராடார், ஏகப்பட்ட ஏவுகணை கெளம்பி வருதுன்னு தாக்கல் அனுப்பிச்சு. கொலராடோவுல இருந்த தலைமையகத்துல அபாய அளவு உச்சத்துக்கு ஏறிப்போச்சு. என்னன்னு பாத்தா, நார்வே பக்கத்து அடிவானத்துல நெலா எழும்புது. நெலா 3,84,000 கி.மீ. தள்ளி இருக்கு. அதுல மோதித் திரும்புற அலை வந்து சேர ரெண்டரை நொடி ஆகும். இம்புட்டு தூரத்துலேருந்தெல்லாம் பதில் வரும்னு கணக்குப் போட்டவுக நெனைக்கலை. சில ஆயிரம் கி.மீ.லேருந்து வந்த பதில்னு எந்திரம் எடுத்துக்கிச்சு. அங்க இருந்த கனடாக்கார அதிகாரி ராய் ஸ்லெமன் ஒரு கேள்வி கேட்டார் பாரு, அதுதான் மூளை: "குருசேவ் இப்ப எங்க இருக்கார்?" நியூயார்க்குல, ஐ.நா. சபைக் கூட்டத்துல. தலைவரை அங்க உக்கார வச்சுக்கிட்டு அதே ஊரைக் கொளுத்த எவனும் ஏவுகணை விட மாட்டான்னு மூச்சு விட்டாக. கோடி கோடியாக் கொட்டி வச்ச கண்ணு தப்புப் பண்ணுனப்ப, ஒரு மனுசன் எங்க இருக்கான்னு விசாரிச்ச வாய்தான் காப்பாத்துச்சு. அப்புறம் எந்திரத்துக்கு நெலா எது, ஏவுகணை எதுன்னு பிரிச்சுப் பாக்கக் கத்துக் குடுத்தாக. நம்ம வீட்டுக் கைக்குழந்தைக்கு அது தானாத் தெரியும்.

அம்புட்டுக் கண்ணையும் வடக்க திருப்பி வச்சாச்சு. நிம்மதியா இருந்தாக. 1962ல சோவியத்துக்காரவுக ஏவுகணையைக் கியூபாவுல கொண்டாந்து எறக்கிட்டாக. கியூபா எங்க இருக்கு? தெக்க. புளோரிடாவுக்குக் கீழ, கூப்புடு தூரம். வடதுருவத்தைப் பாத்து நிக்குற ராடாருக்கு முதுகுல கண்ணா இருக்கு? அவசர அவசரமா நியூ ஜெர்சியில மூர்ஸ்டவுன்ல சோதனைக்கு நின்ன ராடாரைத் தெக்க திருப்புனாக. டெக்சாஸ்ல ஒண்ணு, ஜார்ஜியாவுல ஒண்ணுன்னு வேற வேலைக்கு இருந்ததையும் கூப்பிட்டுக்கிட்டாக. அக்டோபர் 28 காலையில மூர்ஸ்டவுன்காரவுக, கியூபாவுலேருந்து ஏவுகணை கெளம்பிருச்சு, டாம்பா பக்கம் விழப் போகுதுன்னு சொல்லிட்டாக. விழுகுற நேரம் வந்துச்சு, போச்சு. டாம்பா இருந்த எடத்துலயே இருந்துச்சு. நடந்தது என்னன்னா, பயிற்சிக்கு வச்ச டேப் ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துருக்கு. அதே நேரம் செயற்கைக்கோள் ஒண்ணு அடிவானத்துல ஏறிருக்கு. ரெண்டும் ஒண்ணாச் சேந்து ஏவுகணையாத் தெரிஞ்சிருச்சு. அவசரத்துக்குத் திருப்புன கண்ணு அவசரமாத்தான் பாக்கும்.

சோவியத்துக்காரவுக லேசுப்பட்டவுகளா? இவன் வடக்கயே பாக்குறான், நாம தெக்க சுத்திப் போவோம்னு, தென்துருவத்தைச் சுத்தி அமெரிக்காவுக்கு முதுகுப்பக்கமா வர்ற மாதிரி ஒரு ஆயுதமே செஞ்சு 1969ல வேலைக்கு வச்சாக. 1983 வரைக்கும் வச்சிருந்தாக. ஒருத்தன் ராடார் எங்க வச்சிருக்கான்கிறதைப் பாத்து இன்னொருத்தன் ஆயுதம் செய்யுறான். நீ பரண் போடுற அன்னைக்கே பன்னி வேற ஓடை தேட ஆரம்பிச்சிரும்னு தெரிஞ்சுக்கோ.

சப்பான்காரவுக கதைக்கு வருவோம். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, கொஞ்சம் நீளும். வடகொரியா அடிக்கடி ஏவுகணை விடுதேன்னு, ரெண்டே எடத்துல ராடாரும் எதிர் ஏவுகணையும் வச்சா நாடு பூராம் காபந்து பண்ணிரலாம்னு 2017 கடைசியில முடிவு பண்ணுனாக. தெக்கால யாமகுச்சியில ஒண்ணு, வடக்கால அகிட்டாவுல ஒண்ணு. அகிட்டாவுல அராயாங்கிற எடம். ஊருக்கு ஒட்டுனாப்புல, பள்ளிக்கூடமெல்லாம் பக்கத்துல. "ஏன்யா, வேற எடமே இல்லையா?"ன்னு சனம் கேட்டுச்சு. பாதுகாப்புத் துறை அதிகாரிக 2019 மே மாசம் ஒரு தடி அறிக்கையைக் கொண்டாந்து நீட்டுனாக. மத்த எடமெல்லாம் மலை மறைக்குது, அராயா ஒண்ணுதான் தோதுன்னு அதுல எழுதியிருந்துச்சு. ஓகா பக்கத்துல ஒரு எடம். அங்கிருந்து பாத்தா எதுக்க இருக்குற மலை 15 டிகிரி உசரத்துக்கு மறைக்குதாம்.

15 டிகிரின்னா சும்மா இல்லை. 1,000 கி.மீ. தள்ளி, பூமி மறைக்குறது போக, மலையால மட்டும் 250 கி.மீ. உயரம் மறைஞ்சு போகும். அப்படி எடத்துல எவன் ராடார் வைப்பான்? வாஸ்தவமான பேச்சு. ஆனா அகிட்டா ஊர்ப் பத்திரிகைக்காரர் ஒருத்தருக்கு அந்தக் கணக்கு உறுத்துச்சு. இந்த மலையை நாம தெனம் பாக்குறோமே, இம்புட்டு செங்குத்தாவா நிக்குதுன்னு. பள்ளிக்கூடத்துப் புள்ளைக போடுற முக்கோணக் கணக்கைப் போட்டுப் பாத்தா வருது நாலு டிகிரி. 1,000 கி.மீ. தள்ளி 70 கி.மீ.தான் மறையும். அகிட்டா சாகிகாகேங்கிற அந்தப் பத்திரிகை ஜூன் 5ஆம் தேதி இதை அச்சடிச்சுத் தெருவுல விட்டுச்சு. விசாரிச்சா, அதிகாரிக மலையை நேர்ல போய் அளக்கவே இல்லை. கூகுள் எர்த்துல குறுக்குவெட்டுப் படம் எடுத்திருக்காக. அந்தப் படத்துல உயரம் மட்டும் கண்ணுக்குத் தெரியணும்னு இழுத்துக் காட்டியிருக்கும். அதுமேல கோணத்தை அளந்து எழுதிட்டாக. ஒண்ணு ரெண்டு இல்லை, ஒம்போது எடத்துக் கணக்கு தப்பு.

இதுக்கு மன்னிப்புக் கேக்க ஊர்க்கூட்டம் போட்டாக. சனம் ஆவேசமாப் பேசிக்கிட்டு இருக்கு. மேடைப்பக்கம் உக்காந்திருந்த அதிகாரி ஒருத்தர் சொகமாத் தூங்குறார். ஏவுகணை வர்றதை ராவு பகலா முழிச்சுப் பாக்கப் போறவுக இவுகதானான்னு ஊர்க்காரவுக கேட்டிருக்கணும். நான் இருந்திருந்தா ஒரு தலையாணி குடுத்திருப்பேன். அந்த வருசம் நாட்டோட பெரிய பத்திரிகை விருது அந்த ஊர்ப் பத்திரிகைக்குப் போச்சு. அடுத்த வருசம் ஜூன்ல பாதுகாப்பு மந்திரி கோனோ தாரோ திட்டத்தையே நிறுத்திட்டார். மலைக்காக இல்லை. எதிர் ஏவுகணையிலேருந்து கழண்டு விழுற பூஸ்டர், தளத்துக்குள்ளயே விழும்னு குடுத்த வாக்கைக் காப்பாத்த முடியாது, அதைச் சரி பண்ண வருசமும் ஆகும் பணமும் ஆகும்னு. ராடாருக்கு ஆர்டர் குடுத்தாச்சே, அதை என்ன பண்ண? கப்பல் கட்டி அதுல ஏத்திக்கிறதுன்னு 2020 டிசம்பர்ல முடிவாச்சு. தரையில இடம் பாக்கத் தெரியாதவனுக்குக் கடல் ஒரு வசதி. அங்க மலையும் கெடையாது, ஊர்க்கூட்டமும் கெடையாது.

தென்கொரியாவுல சியோங்ஜூன்னு ஒரு ஊரு. மஞ்சளா, இனிப்பா ஒரு முலாம்பழத்துக்குப் பேர்போன ஊரு. 2016 ஜூலையில அங்க அமெரிக்காவோட தாட்ங்கிற எதிர் ஏவுகணையும் அதோட ராடாரும் வரப்போகுதுன்னு அறிவிச்சாக. ராடார் அலை பட்டு வெள்ளாமை கெட்டுப்போகும், கெடாட்டாலும் பழத்தை எவனும் வாங்க மாட்டான்னு விவசாயிக பொங்கிட்டாக. சமாதானம் சொல்லப் போன பிரதமர் மேல முட்டை வீசுனாக. வண்டியை விட்டு எறங்க முடியாம மணிக்கணக்கா உள்ளயே உக்காந்திருந்தார். அப்புறம் எடத்தை மாத்தி, மலைமேல லோட்டே கம்பெனியோட கோல்ஃப் மைதானத்துக்குக் கொண்டு போனாக. உள்ளூர் அடங்குனா வெளியூர் கெளம்புது. உன் ராடாரைத் தூரப் பாக்குற மாதிரி மாத்தி வச்சா எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் தெரியும்னு சீனாக்காரவுக கோவிச்சுக்கிட்டு, சீனாவுல இருந்த லோட்டே கடைகளைத் தீயணைப்புச் சட்டம் அது இதுன்னு சொல்லி வரிசையா மூட வச்சாக. நெலம் குடுத்த பாவத்துக்குக் கடை போச்சு.

இப்ப சோவியத்துக்காரவுக இடம் பாத்த கதை. சைபீரியாக் கதை. இதைக் காது குடுத்துக் கேளு.

1972ல அமெரிக்காவும் சோவியத்தும் ஒரு ஒப்பந்தம் போட்டாக, எதிர் ஏவுகணையை அளவா வச்சுக்கிறதுன்னு. அதுல ராடாருக்கும் ஒரு விதி. இனிமே முன்னெச்சரிக்கை ராடார் வச்சா நாட்டோட ஓரத்துலதான் வைக்கணும், வெளியப் பாத்துத்தான் வைக்கணும். நம்ம பரண் சாஸ்திரமேதான். ஆனா காரணம் வேற. நாட்டுக்கு நடுவுல உக்காந்திருக்குற பெரிய ராடார், வர்ற குண்டை எண்ணிப் பாத்து எதிர் ஏவுகணையை ஏவி நடத்துறதுக்கும் ஒதவும். ஓரத்துல நிக்குற ராடாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, குண்டு தாண்டிப் போச்சுன்னா அதோட வேலை முடிஞ்சுது. அடிபட்டாலும் அதுதான் மொதல்ல படும்.

சோவியத்துக்கு வடகிழக்குல ஒரு ஓட்டை. அந்தப் பக்கத்துக் கடல்ல அமெரிக்க நீர்மூழ்கி வந்து விட்டா, தெரியுறதுக்கு ராடார் இல்லை. முறைப்படி வைக்கணும்னா தூர வடக்க, நோரில்ஸ்க் பக்கம் வைக்கணும். அங்க பூமி எந்நேரமும் ஒறைஞ்சு கெடக்கும், அஸ்திவாரம் போடுறதே பெரும்பாடு. நாட்டோட மத்த ரயில் பாதையோட சேராத ஊரு. செலவைக் கூட்டிப் பாத்தாக, தலை சுத்துச்சு. தெக்க எறக்கி, க்ராஸ்னோயார்ஸ்க் மண்டலத்துல எனிசெய்ஸ்க் பக்கத்துல, ஆத்துக்கும் ரோட்டுக்கும் தோதாப் பாத்துக் கட்ட ஆரம்பிச்சிட்டாக. கிட்டத்துல உள்ள எல்லையே மங்கோலியா, அதுவும் 700 கி.மீ.க்கு மேல. ராடார் பாத்ததோ மங்கோலியாவை இல்லை, எதிர்த்திசையில, சொந்தச் சைபீரியாவைத் தாண்டி வடகிழக்க. ஓரத்துலயும் இல்லை, வெளியவும் பாக்கலை. ஒரே வரி விதி, அதுல ரெண்டு பாதியையும் மீறியாச்சு.

1983ல அமெரிக்கச் செயற்கைக்கோள் பாத்துருச்சு. என்னப்பா இதுன்னு கேட்டா, "விண்வெளியில போறதை எண்ணுறதுக்கு"ன்னாக. அமெரிக்காக்காரவுக, இது எதிர் ஏவுகணைப் போருக்குத்தான்னு அடிச்சுச் சொன்னாக. 1987ல அமெரிக்க நாடாளுமன்றத்துக்காரவுக சிலரை நேர்லயே கூட்டிப் போய்க் காட்டுனாக. போனவுக சுத்திப் பாத்துட்டு, வேலைப்பாடு ரொம்பச் சுமார், போர் நடத்துற கட்டடம் மாதிரி இல்லைன்னு வந்து சொன்னாக. என் கணக்கைக் கேட்டா, ரெண்டு பேருமே பொய் சொன்னாக. இது சூழ்ச்சிக்காகக் கட்டுனது இல்லை, கஞ்சத்தனத்துக்காகக் கட்டுனது. சூழ்ச்சின்னு சொன்னா அமெரிக்காவுக்குப் பெருமை. கஞ்சத்தனம்னு ஒத்துக்கிட்டா சோவியத்துக்குக் கேவலம். அதான் ரெண்டு பக்கமும் உண்மை வெளிய வரலை.

1989 அக்டோபர்ல வெளியுறவு மந்திரி செவர்த்நாத்சே சபையில எந்திரிச்சு, எகிப்துப் பிரமிடு கணக்கா நிக்குற அந்தக் கட்டடம் ஒப்பந்த மீறல்தான்னு பச்சையாச் சொல்லிட்டார். இந்த உண்மையைத் தெரிஞ்சுக்கிறதுக்கே எங்களுக்கு நாலு வருசம் ஆச்சுன்னும் சொன்னார். சொந்த நாட்டு மந்திரி, சொந்த நாட்டு ராடார். வெளிநாட்டுக்காரன் மேலேருந்து படம் எடுத்து வச்சிருக்கான். ஒரு நாள் கூட வேலை பாக்காம அம்புட்டையும் பிரிச்சுப் போட்டாக. நோரில்ஸ்க்ல மிச்சம் பிடிச்ச காசு இப்படிப் போச்சு. அமெரிக்காக்காரவுகளும் யோக்கியம்னு நெனைக்காத. அதே வருசங்கள்ல தூலேயிலயும் ஃபைலிங்டேல்ஸ்லயும் பழசைக் கழட்டிட்டுப் புத்தம்புது ராடாரை வச்சாக. உங்க நாட்டு ஓரம்னா அது கிரீன்லாந்தா, இங்கிலாந்தான்னு சோவியத்துக்காரவுக கேட்டதுக்கு, "பழைய எடம்தானே, பழுது பாக்குறோம்"னாக. வாடகை வீட்டை இடிச்சு மாடி கட்டிட்டு வெள்ளையடிச்சேன்னு சொன்னா யார் கேப்பா? ஆள்பலம் இருந்தா கேக்க மாட்டாக.

அதுக்கப்புறம் சோவியத்தே உடைஞ்சு போச்சு. ஓரத்துல ஒழுங்கா வச்ச ராடார் பலதும், ஓரத்துல இருந்த பாவத்துக்கு, வேற நாட்டுக்குப் போயிருச்சு. லாத்வியாவுல ஸ்க்ருந்தாவுல பாதி கட்டுன பெரிய ராடார்க் கட்டடத்தை 1995 மே மாசம் வெடி வச்சுத் தகர்த்தாக. பழைய ராடாரும் 1998ல நின்னு போச்சு. அசர்பைசான்ல கபாலாவுல இருந்ததுக்கு வருசம் 70 லட்சம் டாலர் வாடகை. 2012ல 30 கோடி கேக்குறாகன்னு செய்தி வந்துச்சு. ரஷ்யாக்காரவுக சாமானைக் கட்டிட்டுக் கெளம்பிட்டாக. விதியை மீறி நடுநாட்டுல வச்சது மட்டும் நின்னிருந்தா, வாடகை கேக்க ஆளே இருந்திருக்காது. பாரு கூத்தை.

இனிமே சொந்த மண்ணுலதான்னு வொரோனெஷ்னு புது மாதிரி ராடாரை நாலா பக்கமும் வச்சாக. அமெரிக்கா 2002ல அந்த 1972 ஒப்பந்தத்தை விட்டே வெளியேறிருச்சு. விதி செத்துப்போச்சு. 2017 டிசம்பர்ல வேலைக்கு வந்த வொரோனெஷ் ராடார்கள்ல ஒண்ணு எங்க இருக்குன்னு நெனைக்குற? அதே எனிசெய்ஸ்க். அதே திக்கு. இப்ப ஒரு பய கேக்கலை.

கபாலாவுக்குப் பதிலா தெக்க அர்மவீர்ல ரெண்டு ராடார் வச்சாக. ஆயிரக்கணக்கான கி.மீ. தாண்டி வானத்தைப் பாக்குற கண்ணு. 2024 மே மாசம் உக்ரைன்காரவுக ஆளில்லாத சின்ன விமானத்தைத் தாழப் பறக்கவிட்டு அந்த எடத்தை அடிச்சாக. கட்டடம் சேதமானது படத்துலயே தெரிஞ்சுது. வானத்துல போறதைப் பாக்கக் கட்டுன ராடார் தன் காலடியில வர்றதைப் பாக்காது. அது பாக்கத் தொடங்குற கோணமே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலதான். அதனால பேராண்டி, இடம் பாக்க உன்னைத்தான் அனுப்புனாகன்னா, பெரிய ராடாருக்கு எடம் குறிச்ச கையோட, அதுக்குக் காவல் இருக்கப் போற சின்ன ராடாருக்கும் ஒரு மூலை ஒதுக்கி வச்சுட்டு வா. மலையை மட்டும் நேர்ல போய் அளந்துரு.